பார் மேசையில் பேசுமளவுக்குச் சீனம்

கப்பலூர் சிட்கோவில் அட்டைப்பெட்டி அடிக்கும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி, ஸ்வீட் பாக்ஸ், சேலைப் பெட்டி என்று எது வந்தாலும் செய்வோம். ஒரு டை பஞ்சிங் மெஷினும் பெட்டி ஒட்டும் மெஷினும் சீனாவிலிருந்து வந்து இறங்கியபோது, பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போக இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். இன்னொருவன் சின்னப் பையன். பகலில் பேச்சுக்குப் பெரிய தேவை இல்லை. மெஷின் முன்னால் நிற்கிறவர்களுக்கு டிராயிங்கும் ஸ்பேனரும் கைஜாடையும் போதும். ராத்திரிதான் சிக்கல். பைபாஸ் ரோட்டு ஹோட்டல் ஒன்றில் தங்க வைத்திருந்தோம். குளித்து முடித்து இருவரும் கீழே பாருக்கு வந்து உட்கார்ந்தால், மதுரையில் அவர்களோடு பேச ஒரு ஆள் கிடையாது. "கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு வாப்பா" என்றார் முதலாளி. நான் குடிக்காதவன். லைம் சோடாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன் இருக்கிறதே, அது மொழிபெயர்த்துவிடாதா என்று கேட்கலாம். பாரில் பாட்டு ஓடும், பக்கத்து மேசையில் கிரிக்கெட் பேசுவார்கள், மைக் யார் பேச்சை எடுக்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு, பையன் ஊரிலிருந்தே ஒரு ஆப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இந்தியா என்பதால் அதில் இந்தியை வைத்திருந்தான். அவன் சீனத்தில் ஏதோ சொல்ல, போன் நல்ல கணீர் இந்தியில் பேச, உசிலம்பட்டிக்காரரான சர்வர் தம்பி என்னைப் பார்த்து "அண்ணே, இவரு என்னண்ணே கேக்குறாரு?" என்றார். போன் சரியாகவே மொழிபெயர்த்தாலும் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. இரண்டு பேரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருவர் சொன்ன வேடிக்கைக்கு மற்றவர் சிரிப்பதற்குள் அந்த வேடிக்கை ஆறிப் போயிருக்கும்.

அதனால் நாலு வார்த்தை கற்றுக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். பரீட்சை எழுதுவதற்கு ஒரு படிப்பு, பார் மேசையில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு ஒரு படிப்பு. இரண்டும் வேறு வேறு. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதல் வேலை, சீன எழுத்தை அடியோடு விட்டுவிடுவது. பேச்சுக்கு அது வேண்டாம். 1958இல் சீன அரசு பின்யின் என்ற முறையைக் கொண்டுவந்தது. சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதுகிற முறை அது. அதை ஒரு வாரம் உட்கார்ந்து பழகினால் போதும். ப்ளெகோ என்ற அகராதி ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் உச்சரித்துக் காட்டும். நம் ஆட்கள் பலரும் செய்வது, கேட்டதைத் தமிழில் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது. இந்தக் கட்டுரையிலும் எனக்கு வேறு வழியில்லை, தமிழில்தான் எழுதுகிறேன். ஆனால் படிக்கிறவர் காதால் ஒருமுறை கேட்காமல் இதை வாயில் போட வேண்டாம். காரணம் இருக்கிறது.

பாரில் மிக அதிகமாகப் புழங்கும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஐஸ் அல்லது ஜில்லென்ற என்பதற்கு ஒரு 'பிங்'. பாட்டில் என்பதற்கு இன்னொரு 'பிங்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. சீனருக்கு இரண்டும் வேறு. ஐஸ் என்ற பிங்கில் வருவது நம் 'பல்' என்பதில் வரும் ப. மூச்சு வெளியே தள்ளாது, குரலும் அதிராது. பாட்டில் என்ற பிங்கில் ப சொல்லும்போதே மூச்சு புஸ்ஸென்று அடிக்க வேண்டும். பின்யினில் முதலாவதற்கு இங்கிலீஷ் 'b'யைப் போட்டு எழுதியிருப்பார்கள். உடனே நாம் அதை 'பஸ்', 'பாம்பே' என்று சொல்லும்போது அதிர்கிற மாதிரி அதிரவைத்துச் சொல்லிவிடுவோம். அது தப்பு. இங்கிலீஷை மறந்துவிட்டுத் தமிழ் வாயோடு, சொல்லின் முதலில் வரும் க, த, ப எப்படியோ அப்படிச் சொன்னால் பாதிச் சீனம் தானாக வந்துவிடும். மூச்சு விடுகிற மீதிப் பாதிக்குத்தான் பயிற்சி. கோயிலில் கொடுத்த திருநீறு கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். ஐஸ் என்று சொன்னால் திருநீறு அசையக் கூடாது. பாட்டில் என்று சொன்னால் பறக்க வேண்டும். வீட்டில் என்னைக் கவலையோடு பார்த்தார்கள்.

இன்னொரு சொத்தும் நம்மிடம் இருக்கிறது. மனிதர் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ழென்' என்ற சொல்லின் முதல் ஒலியைச் சொல்லத் தெரியாமல் உலகமே திண்டாடுகிறது. அது கிட்டத்தட்ட நம் ழகரம்தான். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிற மதுரைக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்தது இப்படி ஒரு இடத்தில் உதவும் என்று யார் கண்டது?

அடுத்தது சுரம், அதாவது சொல்லில் குரலின் ஏற்ற இறக்கம். நாலு சுரம் இருக்கிறது. அப்புறம் சுரமில்லாமல் மெல்லச் சொல்வது ஒன்று. முதல் சுரம் உயரத்தில் அப்படியே நீளும். இரண்டாவது, "ஆங்?" என்று கேட்பது போல மேலே ஏறும். மூன்றாவது அடித்தொண்டையில் தாழ்ந்து கிடக்கும். நாலாவது, "டேய்!" என்று அதட்டுகிற மாதிரி மேலிருந்து பொத்தென்று விழும். 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது, அதட்டிச் சொன்னால் விற்பது. 'வென்' என்பதை அதட்டிச் சொன்னால் கேட்பது, தாழ்த்திச் சொன்னால் முத்தமிடுவது. "ச்சிங் வென்" என்றால் "ஒன்று கேட்கலாமா?" என்று மரியாதையாகத் தொடங்குகிற வாசகம். அதைப் பாரில் முன்பின் தெரியாதவரிடம் சுரம் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சுரத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டாம் என்பது என் கட்சி. "நி ஹாவ்" இரண்டும் மூன்றாவது சுரம் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் இரண்டு மூன்றாம் சுரங்கள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ஏறிவிடும் என்பது விதி. தனித்தனியாகப் படித்தவர் இதை யோசித்துக்கொண்டே நிற்பார். முழு வாசகத்தையும் பாட்டு மாதிரி ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தவர் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அப்புறம், கேள்வி கேட்கிறோம் என்பதற்காகக் கடைசியில் குரலைத் தூக்க வேண்டாம். அதற்குத்தான் 'மா' இருக்கிறது. நாம் வினைச்சொல்லோடு ஆ சேர்ப்பது போல அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் மா சேர்க்கிறார்கள். "நி ச்சி ல மா?" என்றால் "சாப்பிட்டாச்சா?" மூத்தவர் அந்தக் காலத்து ஆள், காலையில் பார்த்ததும் இதைத்தான் கேட்பார். மதுரைக்காரனுக்கு இதற்குப் பதில் சொல்லக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாப் புத்தகமும் எல்லா வீடியோவும் கேள்வியைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. நீங்கள் எந்த ஊர், என்ன வேலை, மதுரை பிடித்திருக்கிறதா. ஐந்தாறு கேள்வியை அழகாகக் கற்றுக்கொண்டு போய் உட்காருவோம். முதல் கேள்வியைக் கேட்போம். உச்சரிப்பு நன்றாக இருந்துவிட்டால் அதுதான் ஆபத்து. நமக்குச் சீனம் தெரியும் என்று நம்பி அவர் ஒரு நிமிடம் மடமடவென்று பேசிவிடுவார். அதில் ஒரு சொல்லும் பிடிபடாது. இளித்துக்கொண்டு தலையாட்டுவோம். அதோடு பேச்சு முடிந்தது. பேச்சு நின்றுபோவது கேள்வி தெரியாமல் அல்ல, பதில் புரியாமல். ஆகவே, பதில்களை முதலில் படிக்க வேண்டும். அதோடு, நமக்குத் தெரிந்த பதில் மட்டுமே வரும்படியாகக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

இதற்கு அவர்கள் மொழியில் இருக்கும் நல்ல கருவி 'ஹாய்ஷி'. 'இதுவா அதுவா' என்று கேட்பதற்கான சொல். "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால் நாம் கேட்டே இராத ஒரு மாவட்டத்தின் பெயர் வரும். "பெய்ஃபாங் ழென் ஹாய்ஷி நான்ஃபாங் ழென்?" என்று கேட்டால், வடக்கத்தியாரா தெற்கத்தியாரா என்று பொருள். பதில் இரண்டில் ஒன்றுதான். தெற்கு என்கிறாரா, நாம் அடுத்ததாக இரண்டு மாகாணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். மாகாணப் பெயர்களைப் படிப்பதும் நினைக்கிற அளவு கஷ்டமில்லை. திசைகள் நாலும் தெரிந்தால் பாதி வந்துவிடும். பெய் வடக்கு, நான் தெற்கு, தோங் கிழக்கு, ஷி மேற்கு. ஹூபெய், ஹூனான் ஏரிக்கு வடக்கும் தெற்கும். ஹெபெய், ஹெனான் ஆற்றுக்கு வடக்கும் தெற்கும். ஷான்தோங், ஷான்ஷி மலைக்குக் கிழக்கும் மேற்கும். குவாங்தோங், குவாங்ஷி இன்னொரு ஜோடி. இவற்றோடு மெஷின் வியாபாரத்தில் அடிக்கடி வரும் ஜெஜியாங், ஜியாங்சூ, ஃபூஜியான், ஸிச்சுவான் நான்கையும் சேர்த்துக்கொண்டால் எந்தச் சீனரின் ஊரையும் ஓரளவு வளைத்துப் பிடித்துவிடலாம்.

எண்ணில் பதில் வரும் கேள்விகள் இன்னும் நல்லவை. பத்துக்குள் பதில் வரும் என்று தெரிந்தால் 'ஜி' போட்டுக் கேட்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி, எத்தனை பாட்டில், எல்லாவற்றுக்கும் அதுதான். ஒன்று முதல் பத்துவரை எண்ணத் தெரிந்தவருக்கு இதில் பதில் புரியாமல் போகவே வழியில்லை. ஒன்றே ஒன்று கவனம். எண்ணும்போது இரண்டு என்பது 'அர்'. பொருளை எண்ணும்போது அது 'லியாங்' ஆகிவிடும். இரண்டு பாட்டில் என்றால் லியாங் பிங், மூச்சு விடுகிற பிங். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பது அவர்களிடம் தப்பில்லை. மூத்தவர் ஒரே பையன் என்றார். அவர் வயதுக்காரர்களில் நகரவாசிகள் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள். ஒற்றைக் குழந்தைச் சட்டம் 2015 கடைசி வரைக்கும் இருந்தது.

ஆம், இல்லை என்று தனியாக ஒரு சொல்லை அவர்கள் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்வார்கள். வேணுமா என்றால் வேணும் என்போமே, அதே பாணி. 'யாவ்' வேணும், 'பு யாவ்' வேண்டாம். 'ஹ' குடிப்பேன், 'பு ஹ' குடிக்க மாட்டேன். ஆகவே கேள்வியைக் கேட்கும்போதே பதிலையும் கற்றுவிடுகிறோம். இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்கள் "யெஸ்ஸுக்குச் சீனத்தில் என்ன?" என்று தேடிக்கொண்டிருப்பார்கள், நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் 'ந'. மெல்லச் சொல்கிற ஒற்றை எழுத்து. அவர் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொல்லிவிட்டு "நி ந?" என்றால் "நீங்க?" என்று அர்த்தம். முழுக் கேள்வியையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வி பாதிதான் புரிந்தது என்றாலும், புரிந்த பாதிக்குப் பதில் சொல்லி "நி ந?" போட்டுவிட்டால் பேச்சு அவர் பக்கம் போய்விடும். புரியவே இல்லையென்றால் "திங் பு தோங்" என்று தயங்காமல் சொல்லிவிட வேண்டும். கேட்கிறது, புரியவில்லை என்று பொருள். "மான் யீ தியேன்" என்றால் கொஞ்சம் மெதுவாக. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'நெய்க, நெய்க' என்று இழுக்கலாம். நாம் 'அது வந்து' என்று இழுக்கிற மாதிரிதான். மற்றவர் பேசும்போது 'துவெய் துவெய் துவெய்' என்று ஆமோதிப்பதும், வியப்பு வந்தால் 'ஐயா!' என்பதும் போதும். இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பயிற்சி வேண்டாம். நம் ஐயோவுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

பையன் ஹூனான்காரன். ஸ, ஷ இரண்டையும் ஒன்றாகச் சொல்வான். நாலும் பத்தும் அவன் வாயில் ஒரே மாதிரி கேட்கும். இது தென்சீனாவில் பல ஊர்களில் இருப்பதுதான். விரலைக் காட்டச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் விரலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் ஒரு கையிலேயே பத்துவரை காட்டுவார்கள். ஆறு என்றால் கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டி மற்றதை மடக்குவார்கள். பையன் சிக்கன் லாலிபாப் தட்டைக் காட்டி, ஆறு துண்டு என்று கையை ஆட்டினான். கட்டை விரல் வாய்க்கு நேராக இருந்தது. சர்வர் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு ரவுண்டாண்ணே? சரிண்ணே" என்று உற்சாகமாக உள்ளே போனார். நம் ஊரில் அந்தச் சைகைக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

மூத்தவர் ஜெஜியாங் மாகாணத்தில் வென்ஜோ பக்கம், லோங்காங் என்ற ஊர். அச்சுத் தொழிலுக்குப் பேர் போன ஊர் அது, சீனாவின் அச்சு நகரம் என்றே சொல்வார்கள். நம் சிவகாசி மாதிரி என்று அவருக்குச் சொல்ல எனக்குச் சீனம் போதவில்லை. ஆனால் காலண்டர் உதவியது. பாரில் கேஷ் கவுன்டருக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். மேலே மீனாட்சி படம், கீழே ஏதோ ஹார்டுவேர்ஸ் விளம்பரம். அவர் எழுந்து போய் அதன் தாள் ஒன்றை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தகரப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். அச்சுக்காரர் புத்தி. அப்புறம் தாளில் இருந்த சின்னக் கட்டங்களைக் காட்டி என்ன என்றார். ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தூக்கி, ராகு காலம் 4.30 - 6 என்று இருந்த இடத்தில் விரல் வைத்து "பு ஹாவ்" என்றேன். நல்லதில்லை. எமகண்டத்தைக் காட்டி மறுபடியும் "பு ஹாவ்". நல்ல நேரத்தைக் காட்டி "ஹாவ்". "ஐயா!" என்று மேசையைத் தட்டினார். "ஹுவாங்லி! ஹுவாங்லி!" அது அவர்கள் ஊர்ப் பஞ்சாங்கம். அங்கேயும் கிழிக்கிற காலண்டரில், இன்று இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது என்று அச்சடித்துத்தான் விற்கிறார்கள். கல்யாணம், வீடு மாறுவது, கடை திறப்பது, எல்லாம் அதில் உண்டு. அன்றைக்கு ஒரு மணி நேரம் காலண்டரிலேயே ஓடியது. நான் பேசிய மொத்தச் சீனமும் 'ஹாவ்', 'பு ஹாவ்', 'ஜென் த மா?' மூன்றுதான். கடைசியது 'நிஜமாவா?'.

குடிக்கிற இடத்து மரியாதைகளையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. "கான்பெய்" என்றால் கோப்பையைக் காலி செய்ய வேண்டும் என்பதே நேர் பொருள். சும்மா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தால் சிலர் கோப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பியர் என்றால் சமாளிக்கலாம். அவர்கள் ஊர்ச் சாராயமான பாய்ஜியோவில் ஆல்கஹால் பெரும்பாலும் 50 சதவீதத்தைத் தாண்டும். நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம்தான். "ஸ்வெய் யீ" என்று சொன்னால் அவரவர் இஷ்டம்போல என்று அர்த்தம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை. கோப்பைகளை முட்டும்போது பெரியவர் கோப்பையைவிட நம் கோப்பையின் விளிம்பு கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். பையன் ஒவ்வொரு முறையும் கோப்பையை இறக்குவான். மூத்தவர் தானும் இறக்குவார். இவன் இன்னும் இறக்குவான். மேசையைத் தொடுகிற வரைக்கும் போகும். ஊற்றிக் கொடுத்தவருக்கு நன்றியாக இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டுவதும் உண்டு. அது தெற்கே குவாங்தோங் பக்கத்துப் பழக்கம், இப்போது மற்ற ஊர்களிலும் பரவிவிட்டது.

குடிக்காதவர்களுக்கு நல்ல வாசகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். "யீ சா தாய் ஜியோ." மதுவுக்குப் பதில் தேநீர் என்று பொருள். பழைய காலத்து நடையில் இருக்கும் வாசகம், அதனால் சொல்கிறவர் மேல் மரியாதைதான் கூடும். லைம் சோடாவைத் தூக்கிக்கொண்டு இதைச் சொன்னபோது மூத்தவர் எழுந்து நின்று கோப்பையை முட்டினார். காரில் வந்திருந்தால் "வோ காய் ச்ச" என்றும் சொல்லலாம், வண்டி ஓட்டுகிறேன் என்று. குடித்துவிட்டு ஓட்டுவதை 2011 மே மாதத்திலிருந்து சீனாவில் கிரிமினல் குற்றமாக்கிவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் ஊற்ற மாட்டார்கள். நம் ஊரிலும் முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை போகும் என்று அவருக்கு எண்ணில் எழுதிக் காட்டினேன். யுவானில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மூத்தவர் பியரை ஜில்லென்று குடிக்க மாட்டார். "பிங் த ஹாய்ஷி சாங்வென் த?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜில்லா, சாதாவா? அவருக்கு எப்போதும் சாங்வென். நடுநடுவே "ழ ஷ்வெய்" கேட்பார், சுடுதண்ணீர். பாரில் யாராவது சுடுதண்ணீர் கேட்பார்களா என்று மானேஜர் விழிப்பார். பிளாஸ்கில் ஒன்று எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. காரத்தைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காரம் 'லா'. ஹூனான், ஸிச்சுவான்காரர்கள் நம் மட்டன் சுக்காவை ஊதித் தள்ளிவிடுவார்கள். வென்ஜோக்காரருக்கு மிளகாய் ஆகாது, கறி தோசையே அவருக்கு எல்லைக்கோடு.

கூப்பிடும் முறையில் கவனம் வேண்டும். வேலை தெரிந்த மூத்தவர்களை 'ஷிஃபு' என்று கூப்பிடலாம். நாம் மாஸ்டர் என்கிறோமே, அப்படி. குடும்பப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்று. அவர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். நமக்கு அப்பா பெயரின் இனிஷியல் முன்னால் வருகிற மாதிரி என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். பெண்களிடம் பழைய புத்தகங்களில் இருக்கும் 'ஷியாவ்ஜியே' என்ற சொல்லைத் தொடவே வேண்டாம். மிஸ் என்ற பொருளில் ஒருகாலத்தில் இருந்தது, இப்போது சீனாவில் பல இடங்களில் அதற்குக் கெட்ட அர்த்தம் வந்துவிட்டது. அதுவும் பாரில் சொன்னால் கேட்கவே வேண்டாம். மெஷின் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவிலிருந்து ஒரு பெண் இடையில் வந்து போனார். குடும்பப் பெயரோடு மானேஜர் என்ற பொருளில் 'ஜிங்லி' சேர்த்துக் கூப்பிட்டோம், மரியாதையாக இருந்தது. தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பேச நினைப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் "நி ந?" என்று திருப்பிக் கேட்டால் பேசலாம். ஒற்றைச் சொல்லில் பதில் வந்து அதோடு நின்றால் எழுந்து வந்துவிட வேண்டும். "ஷியா ஸ்ஸி பா" என்றால் 'அடுத்த தடவை பார்ப்போம்' என்று பொருள். மதுரையில் 'பார்ப்போம்' என்றால் என்னவோ அதேதான்.

பேச விஷயம் வேண்டுமே என்று எல்லைப் பிரச்சினையையும் தைவானையும் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோப்பையும் கையுமாக இருக்கும்போது அது யாருக்கும் நல்லதில்லை. சாப்பாடு, பிள்ளைகள், ஊர், மெஷின் போதும். ஃபூஜியான்காரர் யாராவது மாட்டினால் உங்களுக்கு லாட்டரி. அங்கே சுவான்ஜோ என்ற துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அந்தக் கல்லின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, "தாய்மி அர்" என்று சொல்லி எழுத்தைக் காட்டினால் போதும். தமிழுக்குச் சீனத்தில் அதுதான் பெயர். மதுரைக்கு 'மாதுலாய்'.

பில் வரும்போது ஒரு சின்ன மல்யுத்தம் நடக்கும். "வோ லாய்" என்றால் நான் கொடுக்கிறேன். இரண்டு தரப்பும் அதையே சொல்லிக் கையைப் பிடித்து இழுப்போம். விருந்தாளி நம் ஊருக்கு வந்தவர் என்பதால் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த முறை அவர் கொடுக்கட்டும், அதுவும் மரியாதைதான். டிப்ஸாக 250 ரூபாயை எண்ணி வைத்தால் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். 'அர் பாய் வு', அதாவது இருநூற்றைம்பது என்றால் அவர்கள் பேச்சில் மடையன். 260 வைத்துவிடுங்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி நாட்களில் ஹோட்டல் பாரும் மூடித்தான் இருக்கும். அதை முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். "மிங்தியேன் பு மாய் ஜியோ", நாளைக்குச் சரக்கு விற்க மாட்டார்கள். மாய் இங்கே அதட்டுகிற மாய்.

பேசிப் பழகியதும் எவரும் முதலில் கேட்பது 'வெய்ஷின்' எண்ணைத்தான், வீசாட் என்று நாம் சொல்வது. அது 2020 ஜூன் கடைசியில் இங்கே தடை செய்த 59 ஆப்களில் ஒன்று. "யின்தூ மெய் யோ" என்று சொன்னால், இந்தியாவில் அது இல்லை என்று புரிந்துகொள்வார்கள். அங்கேயோ வாட்ஸ்அப் முடக்கம். ஆனாலும் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகள் பல, வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வாட்ஸ்அப்பை எப்படியோ ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் மெஷின் குரூப் அப்படி ஒன்று. அதில் எழுத்தாக அனுப்பாமல் குரலாக அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஒரே செய்தியைப் பத்து முறை ஓடவிட்டுக் கேட்கலாம், பாரில் ஒருவரைப் பத்து முறை திருப்பிச் சொல்லச் சொல்ல முடியாது. பெல்ட் எத்தனை, பேரிங் எந்த சைஸ் என்று வருகிற செய்திகளில்தான் என் எண்கள் ஒழுங்காகத் திருந்தின.

அடுத்த சர்வீசுக்கு வந்தவர் வடகிழக்கே ஹார்பின்காரர். எல்லாச் சொல்லின் கடைசியிலும் நாக்கை மடித்து ஒரு ர் சேர்ப்பார். எங்கே என்பதற்கு நான் 'நாலி' என்று படித்திருந்தேன், அவர் 'நார்' என்கிறார். பதில்கள் எழுதிய நோட்டில் அவருக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியாகிவிட்டது. 'ஸ்வெய் யீ' என்ற பேச்சும் அவரிடம் எடுபடுவதில்லை, கோப்பை காலியானால்தான் விடுவார். அவரோடு உட்காரும் நாட்களில் லைம் சோடாவை இரண்டு இரண்டாகச் சொல்லிவிடுகிறேன்.